முகத்தில் கை வைக்காதவர்

அண்ணன் மகளுக்குப் பிறந்தநாள் வந்தது. படம் போட்ட புத்தகம் ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று, ஆபீஸ் விட்டு வரும் வழியில் எர்ணாகுளம் கலூரில் இறங்கி ஒரு புத்தகக் கடைக்குள் போனேன். நடு மேசையில், கனத்த அட்டை போட்ட பெரிய புத்தகம் ஒன்றை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அட்டையில் ஒரு பாலம். பாலத்துக்கு அடியில் சின்னதாக ஒரு வள்ளம். வள்ளத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண். நிறங்கள் கண்ணைப் பறித்தன. எடுத்துக்கொண்டு போய் பில் போடும் இடத்தில் வைத்தேன்.

"குட்டிக்காணோ சேச்சி?" என்று அங்கிருந்த பெண் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எங்கில் இது வேண்டா. கண்டா குட்டிக்கதை மாதிரி இருக்கும். ராஜா உண்டு, மந்திரம் உண்டு. பக்ஷே வலியவர்க்குள்ளதா. வாயிச்சு முடிச்சிட்டு நான் ரெண்டு நாள் ஆரோடும் சரியா மிண்டல."

பெரியவர்களுக்கு ஒரு தேவதைக் கதை, அதுவும் பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டு. படித்துவிட்டு ஒருத்தி இரண்டு நாள் பேசாமல் இருந்தாள் என்றால் என்னதான் இருக்கிறது என்று நின்றபடியே புரட்டினேன். வள்ளத்துப் பெண் சில பக்கங்கள் தள்ளி முகத்தைத் திருப்பியிருந்தாள். மேலுதட்டின் இடப்பக்கம் தொடங்கி மூக்குவரை ஏறும் ஒரு தழும்பு. உதடு அந்த இடத்தில் லேசாக மேலே தூக்கி, சிரிக்கப் போவது போலவும் இல்லாமல் சிரிக்காதது போலவும் இருந்தது.

புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டேன். அது என் உதடு. பிளவோடு பிறந்து, கைக்குழந்தையாக இருக்கும்போதே தைக்கப்பட்ட உதடு. கடைப் பெண் கவனிக்கிறாளா என்று பார்த்தேன். அவள் வேறு யாருக்கோ பில் போட்டுக்கொண்டிருந்தாள். மறுபடி திறந்தேன். பாலத்தில் வரிசையாக நிற்கிறவர்களைப் பார்த்தேன். எங்கள் தெரு மீன்காரி இருந்தாள். கிட்டங்கியில் இஞ்சி மூட்டை தூக்குகிறவர் இருந்தார். கழுத்து மடிப்புகளோடு, யாரையோ திட்ட வாயைத் திறந்தபடி, என் அம்மா நின்றிருந்தாள்.

யார் வரைந்தது என்று அட்டையைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. எழுதியதும் வரைந்ததும் ஒரே ஆள்தான். பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. தன் பெயரைப் பிறர் வாயில் கேட்பது அவருக்கு எப்போதும் கூச்சம். மட்டாஞ்சேரியில் அவரை ஸ்டுடியோ சேச்சி என்பார்கள். எனக்கு அக்கா.

பஜார் ரோட்டில், மிளகு வாசம் அடிக்கும் கிட்டங்கிகளுக்கு நடுவே ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. அக்கா அங்கே படம் எடுப்பார், எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் சரிசெய்வார். எங்கள் வீட்டு மாடி அறையில்தான் வாடகைக்குத் தங்கியிருந்தார். சிவகாசிக்காரர். நாங்களோ தாத்தா காலத்திலேயே இங்கே வந்து மலையாளத்தில் படித்து, மலையாளத்தில் கனவு கண்டு, சண்டைக்கு மட்டும் தமிழை வைத்துக்கொண்ட குடும்பம். அக்கா பேசும் தமிழைக் கேட்க நான் வேண்டுமென்றே மாடிக்குப் போவேன். இதைத் தமிழில் எழுதுவதும் அதனால்தான். அவரிடம் நான் வேறு மொழி பேசியதில்லை.

படம் சரிசெய்யும் வேலையில் இருந்துகொண்டு அவர் செய்யாத ஒரே வேலை, படத்தைச் சரிசெய்வது. தூசி இருந்தால் எடுப்பார். பின்னால் தொங்கும் ஒயரை அழிப்பார். முகத்தை மட்டும் தொடமாட்டார். மச்சத்தை எடு, கறுப்பைக் குறை, கண்ணுக்குக் கீழே உள்ள பையை எடு என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"முகத்துல கை வைக்க மாட்டேங்க. வெளிச்சத்த வேணா மாத்துறேன்."

சொன்னபடி மாற்றவும் செய்வார். விளக்கைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பார், இந்தப் பக்கம் வைப்பார், வெள்ளைத் தெர்மாகோலைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்வார். ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவருக்கு முதுகு வலிக்க ஆரம்பித்துவிடும். ஒரு பாஸ்போர்ட் படத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று திட்டிக்கொண்டே போனவர்கள், படத்தைப் பார்த்துவிட்டு, "இது நான்தானா" என்று கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். அப்போதும் அக்கா பெருமைப்பட்டுக்கொள்ள மாட்டார். "நீங்கதான். வேற யாரு?" என்பார்.

ஸ்டுடியோ முதலாளி நல்ல மனிதர். ஆனால் அவருக்கும் வயிறு இருந்தது. வாடிக்கையாளர்கள் முகம் சுளித்துக்கொண்டு போகும்போதெல்லாம் தலையில் கை வைத்துக்கொள்வார். "சேச்சி, இது ஸ்டுடியோ. கோர்ட் அல்ல. இவிடெ சத்தியம் பறயண்டா. படம் எடுத்தா மதி" என்பார். அக்கா தலையாட்டுவார். அடுத்த ஆளிடம் அதே பதிலைச் சொல்வார்.

எங்கள் பக்கம் ஒருவர் இறந்துபோனால், சவத்தை எடுப்பதற்கு முன்பே தெருமுக்கில் அவர் படத்தோடு பிளக்ஸ் கட்டிவிடுவார்கள். ஒருநாள் காலையில் இரண்டு பேர் ஸ்டுடியோவுக்கு ஓடி வந்தார்கள். அப்பா இறந்துவிட்டார். கிட்டங்கியில் மூட்டை தூக்கியவர். அவர் படம் என்று கையில் ஒன்றுதான் இருந்தது, ஏதோ கல்யாணத்தில் யாரோ எடுத்தது. முன்பல் இரண்டும் இல்லாமல், கண் இடுங்க, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். பல்லை வைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் வாயையாவது மூடிவிடுங்கள் என்றார்கள் மகன்கள்.

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பல்லு வச்சா இவர யாருக்குங்க தெரியும்?" என்றார்.

துக்க வீட்டுக்காரர்களிடம் பேசும் பேச்சா அது? மூத்தவர் மேசையைக் குத்தினார். முதலாளி உள்ளிருந்து ஓடி வந்தார். ஆனால் நேரமில்லை, வேறு கடைக்குப் போகவும் வழியில்லை. சிரிப்பு சிரிப்பாகவே பிளக்ஸில் ஏறியது. நான் காலேஜுக்குப் போகும்போது முக்கில் ஆட்கள் நிற்பதைப் பார்த்தேன். பிளக்ஸில் எழுதியிருந்த பெயர் யாருக்கும் தெரியவில்லை. அந்த ஆளை அந்தப் பெயரில் யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர், மீன்காரி, ஒவ்வொருவராக, "ஐயோ, இவனா!" என்று நின்றுவிட்டார்கள். நேராக அந்த வீட்டுக்குப் போனார்கள். அன்று அந்தச் சந்தில் கால் வைக்க இடமில்லை. சில வாரம் கழித்து மூத்த மகன் ஸ்டுடியோவுக்கு வந்தார். அதே படத்தை வீட்டில் மாட்டப் பெரிதாகப் போட்டுத் தரவேண்டும் என்றார். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இதையெல்லாம் கேட்டு அக்காவைத் தெய்வப் பிறவி என்று நினைத்துவிட வேண்டாம். அவரோடு பேசுவது அத்தனை சுகமான காரியம் அல்ல. நாம் பேசும்போது அவர் கண் நம் கண்ணில் இருக்காது. காதில் இருக்கும், தாடையில் இருக்கும், புருவம் முடியும் இடத்தில் இருக்கும். படகு ஜெட்டியில் நிற்கும்போது முன்பின் தெரியாதவர்களைக்கூட அப்படிப் பார்ப்பார். சிலர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். ஒரு பெரியவர் "எந்தா, கடம் தரானுண்டோ?" என்று, உனக்கு நான் ஏதும் கடன் பாக்கியா என்கிற தொனியில் கேட்டேவிட்டார். வீட்டுக்கு வந்ததும், ஸ்டுடியோவில் வீணான பிரிண்ட் தாள்களின் பின்பக்கத்தில் எதையோ வரைவார். கேட்டால் காட்டமாட்டார். ஒரே ஒரு முறை பார்த்தேன். மீன்காரியோடு அம்மா சண்டை போடும் படம். அத்தனை மடிப்பும் கழுத்தில் இருந்தது. நான் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தேன். "அம்மாகிட்ட சொல்லிராத பாப்பா. வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்க" என்று தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

அவரிடம் ஒன்று கேட்டால் உள்ளதைத்தான் சொல்வார். அது தெரிந்தும் ஒருநாள் கேட்டேன். "அக்கா, என் உதடு ரொம்பத் தெரியுதா?"

அந்த வயதுவரை நான் கேட்டவர்கள் எல்லோரும் "சே, தெரியவே இல்லை" என்றுதான் சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொல்லும்போது பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அக்கா திருப்பவில்லை.

"தெரியுது. மொதல்ல அதுதான் தெரியுது. நீ பேச ஆரம்பிச்சா அப்புறம் நீ தெரியுற."

அன்று எனக்கு அழுகைதான் வந்தது. இரண்டு நாள் மாடிக்குப் போகவில்லை. மூன்றாவது நாள், உலகத்தில் ஒருவராவது என்னை நேராகப் பார்த்துச் சொன்னார் என்பது மெல்ல உறைத்தது. போய்க் கதவைத் தட்டினேன். எதுவும் நடக்காதது போல, "சாயா போடவா?" என்று கேட்டார். அவர் எங்கள் ஊரிலிருந்து எடுத்துக்கொண்ட ஒரே சொல் அதுதான்.

அவர் செய்தது எல்லாம் சரி என்றும் சொல்லமாட்டேன். ஒருநாள் ஸ்டுடியோவுக்கு ஒரு பெண் வந்தாள். கன்னம் முழுக்கத் தீக்காயம். அவள் ஒன்றும் ஏமாற்றக் கேட்கவில்லை. யாருக்கும் காட்டப் போவதில்லை, இது இல்லாவிட்டால் நான் எப்படி இருந்திருப்பேன் என்று ஒரு தடவை பார்க்கவேண்டும், அவ்வளவுதான் என்றாள். அக்கா அவளிடமும் அதே பதிலைச் சொன்னார். அவள் துப்பட்டாவைக் கன்னத்துக்கு இழுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். நான் அன்று அங்கே இருந்தேன். "அவளுக்குப் பண்ணிக் கொடுத்திருக்கலாம் அக்கா" என்றேன். அக்கா சாயங்காலம் வீட்டுக்கு வராமல் ஜெட்டிப் பக்கமும் பஜாரிலும் அவளைத் தேடி நடந்திருக்கிறார். கிடைக்கவில்லை.

அன்றைக்குத்தான் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார்.

"சிவகாசியில காலண்டர் போடுற பிரஸ்ஸுல இருந்தேன் பாப்பா. கொழந்த முகத்தக்கூட வெள்ளையாக்குறதுதான் வேலை. எங்கம்மா செத்தப்போ வீட்டுல ஒரே ஒரு படம். அண்ணன் குடுத்து, நல்லாப் பண்ணிக் கொண்டான்னான். நான்தான் பண்ணேன். கன்னக்குழிய நெரப்புனேன். சுருக்கத்த எடுத்தேன். வெத்தலக் கறைய எடுத்தேன். எல்லாரும் மகாலட்சுமி மாதிரி இருக்குன்னாங்க. மால போட்டு மாட்டியாச்சு. தெனம் அதப் பாத்துப் பாத்து, இப்போ அம்மாவ நெனச்சா அந்தப் படந்தான் வருது. எங்கம்மா வரல."

பழைய படம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அதுமேலயே சேவ் பண்ணிட்டேன்" என்றார்.

பிறகு என் முறை வந்தது. நான் படிப்பை முடித்ததும் அம்மா கல்யாணப் பேச்சை எடுத்தாள். பாலக்காட்டிலிருந்து ஒரு வரன். படம் அனுப்பச் சொன்னார்கள். அம்மா என்னைப் பட்டுப் புடவையில் சுற்றி ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனாள். அக்கா அன்று விளக்கை நகர்த்தி நகர்த்தி எடுத்த படத்தை நான் இன்றும் வைத்திருக்கிறேன். தழும்பு இருக்கிறது, மறைக்கவே இல்லை. ஆனால் யாரோ எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லி, நான் பதில் சொல்ல வாயெடுப்பது போல ஒரு முகம். அப்படி ஒரு முகம் எனக்கு உண்டு என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மா திரையைப் பார்த்தாள். "எல்லாம் செரி. இனி அதை எடு" என்றாள்.

"எதம்மா?"

"அறியாத்த மாதிரி கேக்காதே. உதட்டுல உள்ளதை."

"அது அங்க இருக்குதேம்மா. நான் எங்க எடுக்க?"

"கம்ப்யூட்டர்ல எடுக்க ஒரு நிமிஷம் ஆகாது. நீ எங்க வீட்டுல தாமசிக்கிறவ. எம்மக நல்லா இருக்கணும்னு உனக்கு இல்லியா?"

"இருக்குதும்மா. அதனாலதான் சொல்றேன். அவங்க வந்து பாக்கப்போறது இந்த முகத்தத்தான?"

"அம்மா, இப்படியே இருக்கட்டும். எனக்கு இது பிடிச்சிருக்கு" என்றேன் நான். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. கோபத்தில் என்றுதான் அப்போது நினைத்தேன். முதலாளி வந்தார். கடைசி முறையாகக் கேட்கிறேன், செய்வீர்களா மாட்டீர்களா என்றார். அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். மேசையில் இருந்த தன் கண்ணாடிக் கூட்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். என் தோளைத் தொட்டுவிட்டுப் படி இறங்கினார். திரும்ப அந்த ஸ்டுடியோவுக்கு அவர் போகவில்லை.

முதலாளியே உட்கார்ந்து என் உதட்டை வழித்தெடுத்தார். படத்தில் என் வாய், குழைத்த சோறு மாதிரி இருந்தது. அதுதான் பாலக்காட்டுக்குப் போயிற்று. அவர்கள் வந்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், என்னைப் பார்த்தார்கள். பையனின் அம்மா என்னைவிட்டுவிட்டு என் அம்மாவிடம் கேட்டாள். "போட்டோவுல இது இல்லையே?" அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அவர்கள் போன பிறகும் வெகுநேரம் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு என் படத்தை அவள் யாருக்கும் அனுப்பவில்லை. பின்னாளில் என்னோடு வல்லார்பாடத்தில் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டேன். தினமும் பார்க்கிற முகம், படம் தேவைப்படவில்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்பே அக்கா போய்விட்டிருந்தார். வேறு ஸ்டுடியோக்களில் கேட்டுப் பார்த்தார். இவருடைய வழக்கம் பஜாரெங்கும் தெரிந்திருந்தது. ஒருநாள் பெட்டியோடு கீழே வந்து, ஊருக்குப் போகிறேன் என்றார். அம்மாவிடமும் சொல்லிக்கொண்டார். அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமல் "செரி" என்றாள்.

அத்தனை வருடத்துக்குப் பிறகு இந்தப் புத்தகம். பிறந்தநாளுக்கு வேறு ஒன்றை வாங்கிக்கொண்டு, இதை எனக்கு எடுத்துக்கொண்டேன். எர்ணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரி வரும் படகில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். உள்பக்கத்தில், தமிழிலிருந்து மலையாளத்துக்கு வந்தது என்று போட்டிருந்தது.

கதை இதுதான். ஒரு ராஜா, அக்கரையில் கட்டிய புது நகரத்துக்கு ஒரு பாலம் போடுகிறான். பாலத்தின் வாசலில் சுங்கம். அங்கே காசு வாங்குவதில்லை. போகிறவர்கள் தங்கள் முகத்திலிருந்து ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். ஒருவர் மச்சத்தைக் கொடுக்கிறார், ஒருவர் சுருக்கத்தை, ஒருவர் ஓட்டைப் பல்லை. எல்லோருக்கும் கொள்ளைச் சந்தோஷம். அக்கரையில் வேலை கிடைக்கிறது, வீடு கிடைக்கிறது. சாயங்காலம் இக்கரைக்குத் திரும்பினால் வளர்த்த நாய் குரைக்கிறது. பெற்ற குழந்தை வீறிடுகிறது. ராஜாவே ஒருநாள் போய்த் திரும்ப, ராணி கதவைத் திறக்க மறுக்கிறாள். ஒரு பெண் மட்டும் பாலத்தில் ஏறாமல் வள்ளத்தில் போகிறாள். சின்ன வயதில் வெள்ளத்தில் பிரிந்த அக்கா அக்கரையில் எங்கோ இருக்கிறாள், என் உதட்டை வைத்துத்தான் அவளுக்கு என்னைத் தெரியும், அதை எப்படிக் கொடுப்பேன் என்கிறாள். கடைசியில் அக்கா கிடைக்கிறாள். ஆனால் அவள் பாலத்தில் வந்தவள். அவளுக்குத் தங்கையைத் தெரிகிறது, தங்கைக்கு அக்காவைத் தெரியவில்லை. தெரியாமலே கட்டிக்கொள்கிறாள்.

நடுவில் ஒரு பக்கம். கன்னத்தில் தீக்காயம் பட்ட பெண் சுங்கத்தில் அதைக் கொடுத்துவிட்டுப் பாலத்தில் நடக்கிறாள். விளக்குகள் எல்லாம் அவளுக்காகவே எரிவது போல வரைந்திருந்தார். கீழே இவ்வளவுதான் எழுதியிருந்தது. 'அவள் திரும்பி வரவே இல்லை. அவளைக் குறை சொல்ல இந்தக் கதைக்கு உரிமை இல்லை.' அந்தப் பக்கத்தை விட்டு நான் வெகுநேரம் நகரவில்லை. படகு ஜெட்டியில் முட்டியதும்தான் நிமிர்ந்தேன்.

பதிப்பகத்துக்குப் போன் செய்து, அவர்கள் மூலமாக அக்காவைப் பிடித்தேன். குரல் மாறவே இல்லை.

"ஒன்னையக் கேக்காம வரஞ்சுட்டேன் பாப்பா. பல வருசமா கை தானா அந்த முகத்துக்குத்தான் போச்சு. கோவமா?"

"இல்லக்கா. கடையில பாத்ததும் பயந்துபோய் மூடிட்டேன். அப்புறம் ஒவ்வொரு பக்கமா என்னையே தேடிக்கிட்டு இருந்தேன்."

பள்ளிக்கூட நோட்ஸ் புத்தகங்களுக்குப் படம் வரைந்து பிழைத்திருக்கிறார். ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் இதை வரைந்திருக்கிறார். அடுத்த மாதம் மட்டாஞ்சேரிக்கே வருவதாகச் சொன்னார். யூதத் தெருவில் ஒரு பழைய கிட்டங்கியை ஓவியக் காட்சிக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள், அங்கே புத்தகத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார்.

அம்மாவிடம் காட்டுவதா வேண்டாமா என்று யோசித்தேன். கடைசியில் அவள் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது மடியில் வைத்துவிட்டேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினாள். மீன்காரியைக் கண்டுபிடித்துச் சிரித்தாள். சுங்க அதிகாரியைப் பார்த்து, "இது அந்த ஸ்டுடியோக்காரனாக்கும்! காதுல முடியைப் பாரு!" என்று கத்தினாள். தன்னைப் பார்த்தாள். "ஓ, என்னையும் விட்டு வைக்கலியா" என்றாள். பிறகு வள்ளத்துப் பெண் முகம் திருப்பும் பக்கம் வந்தது. டிவியை அணைத்தாள். அந்தத் தழும்பின் மேல் விரலை வைத்தாள். கதையைக் கடைசிவரை படித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

"நீ பிறந்தப்போ ஆஸ்பத்திரியில உன்னைத் துணியால மூடித்தான் கொண்டு தந்தாங்க" என்றாள். "அன்னைக்குத் தொடங்கினதாக்கும் எனக்கு. மூடணும், மூடணும்னு." அவள் இதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. மறுநாள் புத்தகத்தைக் காணோம். தெருவில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருந்தாள். யார் யார் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது.

கூட்டத்துக்கு எங்கள் தெருவே வந்துவிட்டது. ஓவியம் படிக்கும் பிள்ளைகளும் வெளிநாட்டுக்காரர்களும் சுவரோரம் நிற்க, மீன்காரியும் அந்த மூட்டைத் தொழிலாளியின் மூத்த மகனும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்கு முடி பாதி நரைத்திருந்தது. அதை மறைக்க ஒன்றும் செய்திருக்கவில்லை. மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு, தமிழிலேயே பேசினார். யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து கேட்டாள். வள்ளத்தில் போகிற பெண் கற்பனையா, இல்லை உண்மையாகவே யாராவது இருக்கிறார்களா?

அக்கா பொய் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். என் பெயரைச் சொல்லவும் மாட்டார் என்று தெரியும். மைக்கைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டார். "இருக்காங்க" என்றார். "யாருன்னு சொல்ற உரிமை எனக்கில்ல."

நான் எழுந்திருக்கலாமா என்று நினைப்பதற்குள், பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. அம்மா எழுந்துவிட்டாள். என் முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"எம்மகளாக்கும் அது" என்றாள் அம்மா. மீன்காரியோடு சண்டை போடும் அதே குரல். "நல்லாப் பாத்துக்கோங்க. வரைஞ்சதைவிட இவ பங்கியா, நல்ல அழகா இருக்கா."

யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். மீன்காரியாகத்தான் இருக்கவேண்டும். நான் சிரித்துவிட்டேன். சிரித்தால் தழும்பு இன்னும் இழுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். அதைக் கையால் மறைக்கிற பழக்கமும் உண்டு. அன்று கை போகவில்லை.

அக்கா மேடையிலிருந்து இறங்கி வந்தார். என் எதிரில் நின்று, கண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார். அம்மா பொறுக்கமாட்டாமல், "எங்கழுத்து இத்தனை மடிப்பெல்லாம் இல்ல, கேட்டியா" என்றாள்.

அக்கா அம்மாவின் கழுத்துப் பக்கம் திரும்பினார். அவசரப்படாமல், ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஆமாம்மா. இப்போ இன்னும் ரெண்டு கூடியிருக்கு" என்றார்.

அம்மா முதலில் சிரித்தாள். பிறகு அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "செரி, அடுத்த தடவை அச்சடிக்கும்போது அதையும் சேத்து வரை" என்றாள்.